விஞ்ஞான விளக்கம்: துணி தின்னும் உப்பு

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும்படி பெரியோர் சொல்லி வைத்தார்கள். உண்ணும் உப்பை மனத்தில் கொண்டுதான் அப்படிச் சொன்னார்கள். நாம் உடுக்கும் உப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. "உடுக்கவும் உப்பா?" என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் வீட்டு அம்மாள் கட்டியிருக்கும் வாயில் புடவையும், ஐயா அணிந்திருக்கும் மல் வேஷ்டியும், குழந்தையின் சட்டையும், உப்பின் தயவு இல்லாவிட்டால் இன்றுள்ள வெண்மையோடும் மினுமினுப்போடும் வீடு வந்து சேர்ந்திரா. அது எப்படி என்பதே இந்த வாரத்து விளக்கம்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயில் பாதையில், திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூருக்கு முன்பாகக் காத்திவாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. ஒரு புறம் வங்காள விரிகுடா; மறு புறம் பக்கிங்ஹாம் கால்வாயும் எண்ணூர்க் கழியும். இந்த வட்டாரம் மீன் பிடிப்புக்கும் உப்பளத்துக்கும் பெயர் பெற்றிருந்தது. பிறகு ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. 2011-ஆம் வருஷத்திலிருந்து காத்திவாக்கம் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. வலை, உப்பு, ஆலை ஆகிய மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டால் பருத்திக்கு மனிதன் கொடுத்த மருந்துகளின் சரித்திரம் முழுவதும் வந்துவிடும்.

முதலில் வலை. நைலான் வலை வருவதற்கு முன், மீனவர்களின் வலைகள் பருத்தி நூலாலும் சணப்பு நூலாலும் பின்னப்பட்டன. பருத்தியின் உடம்பு அநேகமாக முழுவதும் ஸெல்லுலோஸ் என்னும் பொருள். தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அது நல்ல ஆகாரம். சும்மா விட்டால் வலை சில வாரங்களிலேயே இற்றுப் போகும். ஆகவே தமிழ்நாட்டுக் கடற்கரையில், பனிச்சைக்காயை இடித்து ஊற வைத்த சாற்றிலோ, மரப்பட்டைக் கஷாயத்திலோ வலையைத் தோய்த்து உலர்த்தினார்கள். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்துக்கு டானின் என்று பெயர். நுண்ணுயிர்கள் நூலைத் தின்பதற்காகச் சுரக்கும் ஜீரண நீரை அந்தத் துவர்ப்பு செயலற்றதாக்கிவிடும். வாழைக்காய் நறுக்கிய கையில் ஏறும் கறை எளிதில் போகிறதா? அந்தக் கறையின் குணந்தான் வலையைக் காத்தது. எந்தச் சர்வகலாசாலையும் கற்பிக்காத ரஸாயனம் இது.

அதே துவர்ப்பு, சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலுக்கும் ஆதாரமாயிருந்தது. சாதாரணமாகச் சாயம் பருத்தியோடு ஒட்டி உறவாடாது. ஒரு தடவை அலசினால் பிரிந்து போகும். நம் சாயக்காரர்கள் துணியை முதலில் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் தோய்த்தார்கள். பிறகு படிகார நீர் தடவினார்கள். அதன் பின்னரே, மணற்பாங்கான கரையோர நிலங்களில் விளைந்த சாயவேரைப் போட்டுக் காய்ச்சினார்கள். கடுக்காயின் டானின் நூலைப் பற்றிக்கொள்ளும். படிகாரத்தின் அலுமினியம் டானினைப் பற்றிக்கொள்ளும். வேரின் சிவப்பு அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும். இப்படி மூவர் கைகோத்து நின்ற பிறகு வெளுப்பவரின் கல்லுக்கும் வெயிலுக்கும் அந்தச் சிவப்பு பயப்படவில்லை. கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இந்த முறைகளைச் சாயக்காரர்களிடமே கேட்டறிந்து, 1742-ஆம் வருஷத்தில் தம் தேசத்துக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பா நம் சாயத் தொழிலைப் பாடம் படித்த காலம் அது. அந்தச் சிவப்பின் ஸாரமாகிய அலிஸரினை 1868-ல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் செயற்கையாகச் செய்து விட்டார்கள். பிறகு சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்புப் போயிற்று.

நிறத்தைக் கட்டாத துணியின் கதையும் ஒன்று உண்டு. 1958-ல் சென்னைக் கட்டம் போட்ட துணியை வாங்கி நியூயார்க் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையார் உடை தைத்து விற்றார்கள். குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டுமென்று வாங்கினவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. துவைத்த மாத்திரத்தில் ஒரு கட்டத்தின் நிறம் மறு கட்டத்துக்குக் குடி போயிற்று. வழக்கு வரும் என்று பயந்த வியாபாரிகள் யோசித்து, "நிச்சயமாகச் சாயம் போகும்" என்பதையே ஒரு சிறப்பாக விளம்பரம் செய்தார்கள். சரக்கு அமோகமாய் விற்றது! நம் ஊரில் சாயம் போன புடவையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்த உத்தி பலிக்குமா என்று தெரியவில்லை.

இனி உப்பு. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர்கள் குடியிருந்த பேட்டை அது. திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலாடிப்பேட்டையும், 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த காலெட் என்பவர் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய காலெட்பேட்டைதான். தறியிலிருந்து இறங்கும் துணி வெண்மையாக இராது. அதில் பருத்தியின் மெழுகும் பசையும் இருக்கும். உவர்மண்ணிலுள்ள காரம் அந்த மெழுகைக் கரைக்கும்; வெயில் பழுப்பு நிறத்தைப் போக்கும். இதற்கு நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காத்திருக்க வேண்டும். வெயில் குறைந்த ஐரோப்பாவிலோ மாதக்கணக்கில் துணியைப் புல்வெளியில் விரித்துக் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பை ஒழித்தது உப்பு. உப்பிலிருந்து பிரித்தெடுக்கும் குளோரின் என்னும் வாயு நிறங்களைப் போக்கும் என்பதை 1785-ல் பெர்தொலே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தொழிலுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1799-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டென்னண்ட் அந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கினார். அதுவே இன்றும் வீட்டுக் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர். மாத வேலை மணி வேலையாயிற்று. ஆனால் இந்தப் பொடிக்கு ஒரு துர்க்குணம் உண்டு. நிறத்தைத் தின்று முடித்த பிறகும் அதன் பசி தீராது; அளவு மீறினால் நூலையே தின்ன ஆரம்பித்துவிடும். வெள்ளைவெளேரென்றிருந்தும் தொட்டால் கிழியும் வேஷ்டிகளின் ரகசியம் இதுவே.

உப்பின் மற்றொரு குழந்தை காஸ்டிக் ஸோடா. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்ஸர், பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல் தாமாகவே ரஸாயனம் கற்றவர். 1844-ல் காரமான காஸ்டிக் ஸோடாத் திரவத்தைப் பருத்தித் துணியில் வடிகட்டியபோது, துணி சுருங்கித் தடித்து, ஒளி ஊடுருவும்படி மாறியதைக் கண்டார். வேறொருவராயிருந்தால் அந்தத் துணியைத் தூர எறிந்திருப்பார். மெர்ஸர் அதை ஆராய்ந்தார். துணி முன்னைவிட வலுவாயிருந்தது. சாயத்தையும் அதிகமாகக் குடித்தது. 1850-ல் அதற்கு உரிமை பெற்றார். ஆனால் நீளத்தில் நாலில் ஒரு பங்கு வரை சுருங்கும் துணியை எந்த வியாபாரி விரும்புவான்? நாற்பது வருஷம் கழித்து, 1890-ல், ஹொரேஸ் லோ என்பவர் துணியை இழுத்துப் பிடித்தபடியே காரத்தில் தோய்த்தார். சுருக்கமும் நின்றது, பட்டைப் போன்ற பளபளப்பும் வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாதாரணப் பருத்தி இழை முறுக்கிய நாடாவைப் போல இருக்கும். காரத்தில் தோய்ந்த இழை முறுக்கு நீங்கிப் பருத்து, உருண்டை வடிவமாகும். உருண்டையான வழவழப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதே பளபளப்பு. கடைக்காரர் "மெர்ஸரைஸ்டு" என்று சொல்லி விலையைக் கூட்டுவது இதற்காகவே. இந்த விலை நியாயமானது. ஏனென்றால் இந்தக் குணம் துவைத்தாலும் போகாது.

இனி ஆலை. உப்பு நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால், ஏறக்குறைய ஒன்றரை டன் உப்பிலிருந்து ஒரு டன் காஸ்டிக் ஸோடாவும் சுமார் 880 கிலோ குளோரினும் ஒருங்கே பிறக்கின்றன. வெளுக்க ஒன்று, மினுக்க ஒன்று. ஒரு காலத்தில் நம் நாட்டு உப்பு நம் நாட்டிலேயே கிடக்க, காஸ்டிக் ஸோடா கப்பலேறி வந்துகொண்டிருந்தது. 1930-களில் மேட்டூரில் ரஸாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இன்று காத்திவாக்கத்துக்கு அண்டையிலுள்ள மணலியிலேயே காஸ்டிக் ஸோடாவும் குளோரினும் உற்பத்தியாகின்றன.

துணிக்கு மருந்திடுவது வேறு, மாயமிடுவது வேறு. 1860-களில் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் பஞ்சு விலை ஏறியபோது, லங்காஷயர் ஆலைகள் பல, பாவுக்குப் போடும் கஞ்சியோடு சீனக் களிமண்ணையும் குழைத்துப் பூசி, துணியின் எடையைக் கூட்டி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பின. தடிப்பாயிருக்கிறதென்று மகிழ்ந்து வாங்கினவர்கள், முதல் சலவையில் பாதித் துணி சேறாகப் போவதைக் கண்டார்கள். ஈரத்தை ஈர்க்கும் உப்புகளும் அந்தப் பசையில் சேர்ந்திருந்தபடியால், கப்பலிலேயே பூஞ்சணம் பிடித்த மூட்டைகளும் உண்டு. கைராட்டை நூலின் முரட்டுத்தனத்தைப் பரிகசித்தவர்கள் இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது "சுருக்கம் விழாத சட்டை" என்று விற்பது மருந்தா, மாயமா? மருந்துதான், ஆனால் பத்தியமுள்ள மருந்து. பருத்தி இழைக்குள் ஸெல்லுலோஸ் சங்கிலிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஈரமும் அழுத்தமும் பட்டால் ஒன்றையொன்று நழுவி, நழுவிய இடத்திலேயே நின்றுவிடும். அதுவே சுருக்கம். பந்தற்கால்களுக்கிடையே குறுக்குக் கழி கட்டுவதுபோல, சங்கிலிகளுக்கிடையே ஒரு பிசினைக் கொண்டு கட்டினால் நழுவுதல் நிற்கும். மான்செஸ்டரிலுள்ள டூட்டல் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் 1926-ல் இதற்கு உரிமை பெற்றார்கள். பிற்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து அரசாங்க ஆராய்ச்சிச் சாலையில் ரூத் பெனெரிட்டோ என்ற பெண் விஞ்ஞானி இதை மிகவும் திருத்தி அமைத்தார். ஆனால் கட்டிப் போட்ட இழை வளைந்து கொடுக்காது. துணியின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு கூடக் குறைந்து போகலாம். இஸ்திரிச் செலவை மிச்சம் பிடித்துச் சட்டையைச் சீக்கிரம் கிழித்துக்கொள்கிறோம்.

அது மட்டுமா? இந்தப் பிசின்களில் பலவற்றிலிருந்து ஃபார்மல்டிஹைட் என்னும் காரமான ஆவி சிறிது சிறிதாக வெளிப்படும். சிலருக்கு அது தோலில் அரிப்பையும் சிரங்கையும் உண்டாக்கும். வேலை செய்யுமிடத்தில் அதை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் வரக்கூடுமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2004-ல் தீர்மானித்தது. கைக்குழந்தைகளின் உடையில் இது காணவே கூடாது என்ற கண்டிப்பான விதி ஜப்பானில் 1970-களிலிருந்தே உண்டு. இந்த ஆவி இல்லாத பிசின்களும் இப்போது வந்திருக்கின்றன, விலைதான் கூடுதல்.

தீப்பற்றாத துணிக்கும் தண்ணீர் ஒட்டாத துணிக்கும் இதே கதைதான். 1821-ல் பிரெஞ்சு அரசருக்காக நாடகசாலைத் திரைகளைத் தீயிலிருந்து காக்க கே-லுஸாக் என்ற விஞ்ஞானி வெங்காரத்தையும் நவச்சார வகை உப்புகளையும் உபயோகித்தார். நல்ல யோசனை, ஆனால் ஒரு சலவையில் கரைந்து போகும். தண்ணீரை முத்துப் போல் உருளச் செய்யும் ஃபுளோரின் சேர்ந்த பூச்சுக்களோ இதற்கு நேர் விரோதம். அவை எத்தனை வருஷமானாலும் மண்ணிலும் நீரிலும் அழிவதில்லை. அவற்றைச் சேர்ந்த இரண்டு பொருள்களை 2009-லும் 2019-லும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியல்களில் சேர்த்தார்கள்.

இவ்வளவையும் குடித்த துணி வீட்டுக்கு வருகிறது. துணி குடித்த மிச்சம் எங்கே போகிறது? 1956-ல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு பிரியாத பந்தம் செய்துகொள்பவை. ஆனால் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். கருநிறம் ஏற்ற ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பும், சில சமயம் அதற்கு மேலும் செலவாகும். அதில் ஒரு குன்றிமணியும் துணியில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவு நீரில் போகும். திருப்பூரில் அந்த நீர் நொய்யலில் கலந்து, கீழேயுள்ள வயல்களையும் கிணறுகளையும் உவராக்கிற்று. விவசாயிகள் முறையிட்டதன்மேல், 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து, உப்பையும் மீட்டு, அதையே மறுபடி உபயோகிக்கும் ஏற்பாடு அதன் பிறகே வலுப்பட்டது. உப்பு சமையலில் இருக்க வேண்டும், துணியிலும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். ஆற்றில் இருக்கக் கூடாது. ஆலைக் கழிவும் அனல் மின் நிலையச் சாம்பலும் கழியில் சேர்ந்தால் மீனுக்கு என்ன கதி என்பதைக் காத்திவாக்கத்து மீனவர்களிடம் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை சில. புதுத் துணியை, முக்கியமாகக் குழந்தைகளின் உடையை, ஒரு முறையாவது துவைத்த பிறகே உடுத்தவேண்டும். தளர்ந்திருக்கும் பிசினும் சாயமும் பெரும்பாலும் அதில் போய்விடும். வாங்குமுன் துணியின் ஓரத்தை இரு விரல்களால் கசக்கிப் பார்க்கலாம். மாவு உதிர்ந்தால் தடிப்பு நூலுடையதன்று, கஞ்சியுடையது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், நன்றாக மெழுகு நீக்கிய பருத்தி உடனே குடித்துவிடும். சொட்டு உருண்டு நின்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று அறியலாம். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயத்தின் யோக்கியதை தெரியும். பிளீச்சிங் பவுடரை அளவாகக் கரைத்து, உடனே அலசிவிட வேண்டும். ஆஸிட் கலந்த எந்தத் திரவத்தோடும் அதைக் கலக்கவே கூடாது. கலந்தால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

வெண்டைக்காயைக்கூட முறித்துப் பார்த்து வாங்குகிற நாம், மாதக்கணக்கில் உடம்போடு ஒட்டியிருக்கும் துணியைப் பற்றி நிறத்தையும் விலையையும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. "இதற்கு என்ன மருந்து போட்டிருக்கிறது? எந்த ஆற்றில் அலசினார்கள்?" என்று பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் முதலில் விழிப்பார். பிறகு மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் ஆலையைக் கேட்பார். அந்தக் கேள்வி ஆற்றங்கரை போய்ச் சேருவதற்குக் கொஞ்ச காலமாகலாம். ஆனால் புறப்பட வேண்டிய இடம் நம் வீட்டு வாசற்படிதான்.