மேடைத் தமிழும் பணியிடக் கடிதமும்

மேடையேறி முழங்குவதே மொழித்திறன் என்னும் எண்ணம் மலேசியத் தமிழரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி உண்டு. திருக்குறள் மனனப் போட்டி உண்டு. கவிதை ஒப்புவித்தல் உண்டு. கோப்பையும் நற்சான்றிதழும் உண்டு. பத்து வயதுச் சிறுவன் அவையோரை விளித்துத் தொடங்கி ஐந்து மணித்துளி மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளுகிறான். கைதட்டல் மண்டபத்தை நிறைக்கிறது. அதே சிறுவன் வளர்ந்து, தொழிற்சாலையிலோ சரக்குக் கிடங்கிலோ வேலைக்கு அமர்ந்து, மேலாளருக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுத நேரும்போது அவன் கை நடுங்குவதேன்? இக்கேள்வியைத் தமிழாசிரியர் உலகம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள விரும்பவில்லை. அது தமிழ் வகுப்பின் பணியன்று என்று கைகழுவுவோரும் உளர்.

இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. தாய் நோயுற்றாள், மருத்துவமனையில் சேர்த்தான், மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் சொல்லியும் விட்டான். திரும்பி வந்தபோது, தொழிலாளர் வாயில் ‘ஷோ காஸ்’ என வழங்கும் காரணம் கோரும் கடிதம் அவன் கையில் தரப்படுகிறது. எழுத்தில் மறுமொழி வேண்டும். அவன் எழுதுகிறான். முதற்பத்தி தாயின் பெருமை. இரண்டாம் பத்தி குடும்பத்தின் வறுமை. மூன்றாம் பத்தியில், அறியாமல் செய்த பிழையைப் பெரிய மனத்துடன் பொறுத்தருள வேண்டும் என்னும் வேண்டுகோள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவரிடம் தகவல் சொன்னான் என்பது கடிதத்தில் இல்லை. மருத்துவமனை கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே கிடக்கிறது, கடிதத்தோடு இணைக்கப்படவில்லை. செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டதனால், அந்தப் பிழையைத் தானே ஒப்புக்கொண்டவனாகவும் ஆகிறான்.

வேலை போகிறது. அதன் பின்னும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி தன்னை மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி எழுத்துவழி முறையிட இடந்தருகிறது. அம்முறையீடு 60 நாளுக்குள் செய்யப்பெறல் வேண்டும். தெரிந்தவர் வீட்டிலும், கோயில் வாசலிலும், தேநீர்க் கடையிலும் தன் கதையை உருக்கமாகச் சொல்லித் திரிபவனுக்கு 60 நாள் எம்மட்டு? வாயால் நூறு முறை சொன்ன குறை சட்டத்தின் கண்ணுக்குச் சொல்லப்படாத குறையே.

‘அக்கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ அன்றோ எழுதப்படும்? தமிழாசிரியர் அதற்கு என்ன செய்வார்?’ என்பது வழக்கமாக எழும் மறுப்பு. மேற்போக்காகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் இம்மறுப்பு, உண்மையில் தப்பித்துக்கொள்ளும் வழியே. அவ்விளைஞனுக்கு மலாய்ச் சொற்கள் தெரியாமலில்லை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, நிகழ்ந்ததையும் தான் நினைப்பதையும் எங்ஙனம் பிரித்து வைப்பது, இறுதியில் இன்னது வேண்டும் என்று எவ்வாறு கேட்பது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் அவன் ஆறாண்டு பயின்றான். எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் பழக்கம் அங்கே வாய்க்காவிடில், பின்னர் எம்மொழியில் எழுதினாலும் அந்தக் குழப்பமே பெயர்த்தெழுதப்படும்.

இன்னொரு சாரார், தமிழ் இலக்கிய மொழி, அலுவல் நடைக்கு ஒத்து வராது என்பர். மலாய்மொழியின் வரலாற்றை அவர்கள் சற்றே நோக்கட்டும். 1956ஆம் ஆண்டு டேவான் பகாசா டான் புஸ்தாகா நிறுவப்பட்டபோது, நாட்டின் நிருவாகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. கலைச்சொல் ஆக்கியும், கடித நடை வகுத்தும், அலுவலர்க்குப் பயிற்றியும் அம்மொழி அலுவல் மொழியாக உருவாக்கப்பட்டது. எம்மொழியும் கோப்புக் கட்டுடன் பிறப்பதில்லை. தமிழுக்கு இடமே இல்லை என்பதும் பொய். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. மலேசியாவிலும் ஆலய நிருவாகம், சங்கங்கள், நாளிதழ் அலுவலகங்கள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் என எத்தனையோ இடங்களில் தமிழர் தமிழருக்குத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கான இலக்கணமோ புதிதாகத் தேட வேண்டியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எண்ணிக் காட்டுகிறது. மாணவர் அவற்றை மனனம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அவற்றை ஒரு விடுப்புக் கடிதத்தின் மேல் வைத்துப் பார்த்த ஆசிரியர் எத்தனை பேர்? இரண்டு நாள் விடுப்புக்கு இரண்டு பக்கம் எழுதுவது மிகைபடக் கூறல். ‘சில நாள்களுக்கு முன்பு சிலர் வந்து சொன்னார்கள்’ என்று புகார் எழுதுவது மயங்க வைத்தல். சம்பள நிலுவை கேட்கும் கடிதத்தில் மேற்பார்வையாளரின் குணக்கேட்டை விவரிப்பது மற்றொன்று விரித்தல். எல்லாம் எழுதிவிட்டு என்ன வேண்டும் என்பதைக் கேளாமலே முடிப்பதோ நின்று பயனின்மை. பவணந்தியார் நூலாசிரியர்க்கு விதித்ததைத் தொழிலாளிக்கு விதித்தால் அவர் ஒன்றும் கோபிக்கப் போவதில்லை.

பணிவு என்னும் பெயரால் நுழைந்துள்ள கேடு வேறு. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்றும் ‘தாழ்மையுடன் இறைஞ்சுகிறேன்’ என்றும் எழுதுவதே மரியாதை என்று கற்பித்த காலம் ஒன்றிருந்தது. அது தமிழ்ப் பண்பு என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. குடியேற்றக் கால ஆங்கில மனுக்களின் இறுதி வரியை அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டு அதற்குப் பண்பாட்டுப் பெயர் சூட்டுவது விந்தை! ஐயா என்றோ அம்மையார் என்றோ விளித்து, ‘தாங்கள்’ என்று குறித்து, செய்தியைத் தெளிவாகச் சொல்லி, நன்றி கூறி முடிப்பதில் என்ன மரியாதைக் குறைவு இருக்கிறது? பெறுபவரின் நேரத்தை வீணாக்காமையும் மரியாதையே.

நிமிர்ந்து கேட்கும் மரபு இம்மண்ணின் தமிழருக்கு அயலானதும் அன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்குத் தடை, துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்காமை. ஒவ்வொன்றும் விரல் வைத்துக் காட்டத் தக்கது. ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லித் தீர வேண்டியது. முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். உயர்கல்வியை எட்டிப் பாராத பால்மரத் தொழிலாளர், தமக்கு வேண்டுவதை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்த அறிந்திருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ, பட்டமும் பெற்ற பிறகு, ‘ஏதோ பார்த்துச் செய்யுங்கள்’ என்று எழுதுகின்றனர்.

பள்ளியிலேயே இக்குறை கண்ணெதிரே கிடக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பேடு ஒன்றைப் புரட்டினால் போதும். தலைவர் ஆற்றிய உரையின் சிறப்பு ஒரு பக்கம் வரும். வருகை தந்தோர்க்கு நன்றி நவிலப்படும். கூட்டம் தேநீர் விருந்துடன் இனிதே நிறைவுற்றதும் தவறாமல் பதிவாகும். மூன்றாம் வகுப்பறையின் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார்களே, அதை யார் பழுது பார்ப்பது, எந்த நாளுக்குள், எவர் பணத்தில் என்ற முடிவு மட்டும் எங்கும் இராது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். குறிப்பெழுதுபவர் பெரும்பாலும் அப்பள்ளியின் தமிழாசிரியரே.