பாதி மாத்திரை மருத்துவம் வேண்டாம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலை வாசல்களில் நாய்களுக்குச் சோறு போடுபவர்கள் பலர் சொல்வது இது: நாய் வாந்தி எடுத்தால் வயிற்றுப் புண்தான், நமக்கு வாங்கிய மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும். அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் தவறு.

1. எந்த மாத்திரை? இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. நாய்க்கு அவை புண்ணை ஆற்றுவதில்லை, உண்டாக்குகின்றன. சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. பாதியாக உடைத்தாலும் அது நாய்க்கு ஆகாத மருந்துதான்.

2. வாந்தி என்றாலே வயிற்றுப் புண்ணா? தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ வைரஸ் தாக்கினாலும் வாந்தி வரும். கேன்டீன் மிச்சத்தோடு விழுங்கிய எலும்போ பிளாஸ்டிக் உறையோ குடலை அடைத்தாலும் வரும். கணைய அழற்சி, எலிக்காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு என்று பட்டியல் நீளும். வலி மாத்திரைக்குப் பதில் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுத்தாலும், அது இவற்றில் எதைத் தீர்க்கும்?

3. “போன தடவை சரியாயிடுச்சே?” லேசான இரைப்பை அழற்சி ஓரிரு நாளில் தானாகவே ஆறும். மாத்திரைதான் ஆற்றியது என்பதற்கு என்ன சான்று? புதருக்குள் போய்ச் செத்த நாயை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

வாந்தியில் ரத்தம், கறுத்த மலம், குடித்த தண்ணீரும் தங்காத நிலை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். குட்டியென்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். நீர்ச்சத்து இழந்தே இறந்துவிடும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தால் அதன் அட்டையையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.