லைன் இல்லையா, பெயர் தெரியவில்லையா?



"டீச்சர், லைன் இல்லை!" கணினிக்கூடத்தில் இக்குரல் எழாத மாதமில்லை. உடனே தெலுக் இந்தானிலிருந்து ஆளை வரவழைக்கிறோம். பாகான் டத்தோவில் இருக்கும் நமக்கு அதிலேயே ஒரு நாள் போய்விடுகிறது. பல வேளைகளில் லைன் இருக்கிறது, பெயரைத்தான் காணோம் என்பது என் கருத்து.

எங்கள் கூடத்தில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, இரண்டு பிணைய அட்டைகளைப் பூட்டி, ரவுட்டருக்கும் மாணவர் கணினிகளுக்கும் நடுவே பாலமாக வைத்திருக்கிறோம். தளத்தின் பெயரைக் கேட்டு எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் வேலையும், தகாத தளங்களின் தடைப்பட்டியலும் அதனிடமே உள்ளன. சென்ற விடுமுறையில் அதனைப் புதுப்பித்துப் பாலத்தை மீண்டும் அமைத்தோம். பள்ளி திறந்ததும் எந்தத் தளமும் திறக்கவில்லை. வந்தவர் இருபது கணினிகளிலும் 8.8.8.8 என்னும் கூகுள் எண்ணைத் தட்டிவிட்டுக் கட்டணம் பெற்றுச் சென்றார். தளங்கள் திறந்தன. தடைப்பட்டியல் அன்றோடு பயனற்றுப் போனதை எவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட!

பிறகு பாலக் கணினியில் அமர்ந்து 8.8.8.8க்குப் பிங் அனுப்பினேன், பதில் வந்தது. தளத்தின் பெயருக்கு அனுப்பினேன், வரவில்லை. ஆக, கம்பியில் குறையில்லை. அமைப்புக் கோப்பில் பெயர் வழங்கி 127.0.0.53 என்றிருந்தது. அது அக்கணினி தன்னையே சுட்டும் எண். பலரை ஏமாற்றுவது இதுதான். 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேட்டபோது, பாலத்துக்கு நேரே வழங்கி எதுவும் இல்லையெனத் தெரிந்தது. எண் முகவரியை அட்டையிலிருந்து பாலத்துக்கு மாற்றிய நாங்கள், பெயர் வழங்கியின் வரியை அட்டையிலேயே விட்டுவிட்டோம். ஒரு வரிதான்.

பெயருக்கு யார் பதில் சொல்வது என்பது சிறு செய்தியன்று. 2024 செப்டம்பரில், 8.8.8.8 போன்ற பொது வழங்கிகளுக்குச் செல்லும் கேள்விகளையும் தங்கள் வழங்கிகளுக்கே திருப்புமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் பணித்தது. எதிர்ப்பு எழவே, அமைச்சர் ஃபாமி ஃபட்சில் சில நாள்களில் அதனை நிறுத்தச் சொன்னார். நாடே விவாதித்த ஒன்றைப் பள்ளியில் எவரையும் கேளாமல் ஒருவர் மாற்றிவிட்டுப் போகலாமா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைக் கேட்கவிருக்கிறேன்.

இருபது கணினிகளிலும் அந்த எண்ணை நீக்க ஒரு மாலை பிடித்தது. உதவிய ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர், இப்போது "லைன் இல்லை" என்பதற்கு முன் பிங் அனுப்பிப் பார்க்கிறார்கள்.