பொன்முடி சேறும் நம்மாட்கள் வெள்ளைச் சாக்ஸும்

சைக்ளோகிராஸ் என்றால் வெள்ளைக்காரன் கிறுக்கு என்று சிரிக்கிறார்கள் நம்மாட்கள். குளிரில், சேற்றில் ஒரு மணி நேரம் ஓட்டுவான். தடுப்பு வந்தால் இறங்கி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். பெல்ஜியத்தில் குடும்பம் குடும்பமாகக் காசு கொடுத்து வந்து பார்க்கிறார்கள்.

"நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க." ஏனய்யா? இதுக்கு வேண்டியது பனி இல்லை, சேறு. திருவனந்தபுரத்தில் ஐப்பசி பிறந்தால் சேற்றுக்கா பஞ்சம்? 2023 அக்டோபரில் அந்த மாவட்டத்துப் பொன்முடி மலையில் ஆசிய மவுண்டன் பைக் போட்டியே நடந்தது, பாரிஸ் ஒலிம்பிக் தகுதிக்காக! நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசியப் போட்டி அடுத்த நாட்டுக்குப் போய்விடும். ஊருக்கு வேண்டியது வருஷா வருஷம் உள்ளூர்ப் பிள்ளைகள் ஓட்டுகிற பந்தயம். 'சைக்கிள் ஏழை வண்டி, சேறு அழுக்கு, ஞாயிறு டியூஷன்' என்கிற பெற்றோர் இருக்கும்வரை அரசை மட்டும் திட்டி என்ன பயன்? டிசம்பர் லீவில் இத்தனை ஆயிரம் டிக்கெட்டுக்குக் கொட்டி ஊருக்குப் போவது, பிள்ளைகளை மாலில் ஏசியில் உட்கார வைக்கவா?

ஸ்டேடியம் கேட்கவில்லை சாமி. ஒரு தென்னந்தோப்பு, நாலு பலகைத் தடுப்பு, கொஞ்சம் கயிறு. என் பங்குக்குப் பலகைக் காசு நான் தருகிறேன்.