இறக்கையில் ஓட்டை விழுந்தால்?

குடையில் ஓட்டை விழுந்தால் தைத்துக்கொள்ளலாம். நடுவானில் பறக்கும் விமானத்தின் இறக்கையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? யோசித்திருக்கிறீர்களா, சகோதரிகளே?

விமானம் விரையும்போது இறக்கைக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைவு, அடியில் அதிகம். இந்த வித்தியாசம்தான் அத்தனை பாரத்தையும் தாங்கி நிற்கிறது. ஓட்டை விழுந்தால், அடியிலுள்ள காற்று அதன் வழியே மேலே பீறிட்டுக் கிளம்பும். மேற்புறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் காற்றையும் கலைத்துவிடும். தூக்கும் சக்தி குறையும். பின்னுக்கு இழுக்கும் சக்தி கூடும். சின்னத் துளை என்றால் அவ்வளவு பாதகமில்லை. பெரிய ஓட்டை, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் என்றால், விமானம் அந்தப் பக்கமாகவே சாயப் பார்க்கும்.

2003 நவம்பர் 22 அன்று பாக்தாத்திலிருந்து பஹ்ரைனுக்குக் கிளம்பிய ஏர்பஸ் சரக்கு விமானத்துக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. இடது இறக்கையை ஏவுகணை தாக்கியது. அடிபட்ட எண்ணெய்த் தொட்டி நிறைந்திருந்ததால், உள்ளே ஆவி சேர இடமில்லை; வெடிக்காமல் தப்பியது. ஆனால் இறக்கை தீப்பற்றி எரிந்தது. பின் விளிம்பு சிதைந்தது. அதைவிடக் கொடுமை, விமானத்தைத் திருப்பும் மடல்களை இயக்குகிற ஹைட்ராலிக் திரவம் முழுவதும் வெளியேறிவிட்டது. கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் பயனில்லை!

உள்ளே மூன்றே பேர்: விமானி எரிக் ஜெனோட், துணை விமானி ஸ்டீவ் மிகீல்சன், எஞ்சினியர் மாரியோ ரோஃபைல். அவர்கள் கையில் மிஞ்சியவை இரண்டு எஞ்சின்கள்தாம். இரண்டின் விசையையும் கூட்டினால் மூக்கு நிமிர்ந்தது, குறைத்தால் தாழ்ந்தது. ஒன்றைக் கூட்டி, மற்றதைக் குறைத்தால் விமானம் திரும்பியது. இப்படியே தட்டுத் தடுமாறி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இடப்பக்கத் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினியர் வலப்பக்கத்து எண்ணெயை இடது எஞ்சினுக்குத் திருப்பிவிட்டு, அது நின்றுபோகாமல் காப்பாற்றினார்.

தரையை நெருங்கும்போதுதான் பெரிய சோதனை. வழக்கமாக, இறங்குகிற விமானம் வேகத்தைக் குறைக்கும். இங்கே குறைத்தால் ஊனப்பட்ட இறக்கை தொய்ந்து, விமானம் புரண்டுவிடும். ஆகவே வழக்கத்தைவிட வெகு வேகமாகவே பாக்தாத்தில் இறக்கினார்கள். சக்கரங்கள் தரையைத் தொட்டன. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மணலில் ஓடி நின்றது.

மூவரும் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது அந்த வேகம்தான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது, இல்லையா?