நோய் வருமுன் அறிமுகம்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை ஒரு குடும்பத்தின் சோகமாக நின்றுவிட விடாமல், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்த மகத்தான ஜனசேவையாக மாற்றினார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் என்பது அன்று தெரியாது. 1980களில் அதை நிலைநாட்டிய ஹெரால்டு சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இன்றோ அவ்வைரஸைத் தடுக்கும் ஊசிமருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. 14 வயதுச் சிறுமியர்க்கு அதனை அளிக்க 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாயை அறிவித்தது. நோயே இல்லாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று ஒரு தாய் கேட்டால், அதற்கு ஆணையால் அன்றி விளக்கத்தால் விடை கூற வேண்டும் என்பதே என் கட்சி.

அவ்விளக்கம் இதுதான்: நம் உடலின் காவலுக்கு ஆதாரமான டி செல்கள், ரத்தத்தில் திரியும் கிருமியை நேராகக் கண்டு அறிவனவல்ல. தோலிலும் தசையிலும் உலவும் கிளைத்த வடிவுள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் அந்நியப் புரதத்தை விழுங்கி, சிறு துணுக்குகளாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறின் மீது ஏற்றி, அக்குளிலோ கழுத்திலோ உள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுசென்று காட்டுகின்றன. நீதிமன்றத்தில் தடயப்பொருளை முன்வைப்பதுபோல் அமைந்த இக்காட்சிக்குப் பின்னரே, அத்துணுக்குக்குப் பொருந்திய டி செல் விழித்தெழுந்து பல்கிப் பெருகுகிறது. துணுக்கு தனியே போதாது, அதைத் தாங்கும் சொந்த உடலின் மூலக்கூறும் சேர்ந்தே அறியப்பட வேண்டும் என்ற உண்மையை டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் 1974இல் வெளியிட்டனர்.

எச்.பி.வி.யின் சாமர்த்தியம், இக்காட்சியே நிகழாதபடி ஒளிந்து வாழ்வதில் இருக்கிறது. அது ரத்தத்தில் கலப்பதில்லை. தான் குடியேறிய செல்லை உடைத்து வீக்கமோ காய்ச்சலோ உண்டாக்குவதில்லை. போதாக்குறைக்கு, அச்செல்லின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளையும் குறைத்துவிடுகிறது. பெரும்பாலோரிடம் உடல் எப்படியோ இதை வென்றுவிடுகிறது என்றாலும், சிலரிடம் பல்லாண்டுகள் அமைதியாகத் தங்கிப் புற்றாக முதிர்கிறது.

அவ்வைரஸின் பகுதிகளுள் ஊசிமருந்தில் இருப்பது வெளியுறைப் புரதம் மாத்திரமே. மரபணு அதில் இல்லையாதலால், அது தொற்றை உண்டாக்கவும் இயலாது, புற்றை உண்டாக்கவும் இயலாது. கையில் இடப்பட்ட அப்புரதத்தை டென்ட்ரைட்டிக் செல்கள் எடுத்துக் காட்ட, விழித்த டி செல்களின் துணையால் பி செல்கள் எதிர்ப்புப் புரதங்களை ஏராளமாக உற்பத்தி செய்து, வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன்னே அதனைத் தடுக்கின்றன. நுழைந்துவிட்ட வைரஸை இவ்வூசி வெளியேற்றுவதில்லை. சிறுவயதிலேயே இட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. தாய்மாருக்கோ கருப்பை வாய்ப் பரிசோதனையே பாதுகாப்பு. ஆகவே மகளுக்கு ஊசியும் தாய்க்குப் பரிசோதனையும் ஒரே நாளில் கிடைக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்பாடு செய்தல் உத்தமம்.

இவ்வளவையும் கிராமத்துப் பெண்களுக்கு விளக்குதல் சாத்தியமா என்று ஐயுறுவோர், 1990களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை எண்ணிப் பார்க்கட்டும். எழுத்தறியாதிருந்த பல்லாயிரம் பெண்கள் அன்று எழுத்தைக் கற்றதோடு, ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் சைக்கிளும் கற்றார்கள். அறிவைக் கௌரவத்தோடு அளித்தால் ஜனங்கள் ஏற்பார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பள்ளியில் விஞ்ஞான ஆசிரியரும், வீட்டு வாசலில் கிராம சுகாதாரச் செவிலியரும், மகளிர் சுயஉதவிக் குழுவினரும் இவ்விளக்கத்தைப் பொறுமையோடு எடுத்துச் சொல்வாராக. அந்தச் சிறுமியும் தன் உடலில் நிகழப்போவது இன்னதென்று அறிந்து கையை நீட்டுவாளாக. முத்துலட்சுமி அம்மையாரைப் பெற்றெடுத்த மாவட்டம், இக்காரியத்தில் மற்ற மாவட்டங்களுக்கு முன்னோடியாக விளங்கக் கடமைப்பட்டிருக்கிறது.