சுருட்டைப் பற்றவைக்கத் தெரியுமா?

பதற வேண்டாம் நண்பர்களே! புகைபிடிக்கச் சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. நான் இதுவரை ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை, வைக்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் ஒரு சுருட்டை ஒழுங்காகப் பற்றவைக்க எனக்குத் தெரியும். இந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டேன். அதை நீங்களும் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் குளுவாங் பக்கத்துப் பெண். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது சிங்கப்பூரில் பட்டப்படிப்பு. என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை கிளம்பினால் நண்பகலுக்குத்தான் வீடு திரும்புவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாசல் பலகையில் உட்கார்ந்து ஒரு சுருட்டு. அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். நான் படிவம் மூன்றில் படித்தபோது வாய்ப்புற்றுநோயால் காலமானார்.

ஒவ்வோர் ஆண்டும் அவர் நினைவு நாளில் படையல் போடுவோம். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, கோப்பி, ஒரு சுருட்டு. சுருட்டைப் பற்றவைப்பது அப்பாவின் வேலை. இந்த ஆண்டு பாட்டி, ஈசூனில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். ஆகவே படையலும் அங்கேயே என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "சுருட்டு உன் பொறுப்பு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

ஊரிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பாலம் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். முடியாது. சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் புகையிலைக்குத் தீர்வை விலக்கு இல்லை. ஒன்றே ஒன்றானாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். எனவே தேக்காவுக்குப் போனேன். அங்கே எந்தக் கடையிலும் சுருட்டு கண்ணில் படவில்லை. 2017 ஆகஸ்டு முதல் புகையிலைப் பொருள்களைக் கடைகளில் பார்வைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும். ஓர் இளம்பெண் வெற்றிலைக்கும் ஊதுவத்திக்கும் நடுவே நின்று, "அங்கிள், சுருட்டு இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார்? அப்படித்தான் பார்த்தார். 2021 முதல் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. எனக்கு 22. அடையாள அட்டையைக் காட்டினேன். "யாருக்கும்மா?" என்றார். "தாத்தாவுக்கு." "அவரையே வரச் சொல்லலாமே?" "வர முடியாது அங்கிள். படையலுக்கு." அவர் முகம் மாறியது. மூடிய அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியைப் பார்த்ததும் மனம் கனத்தது. 2020 ஜூலை முதல் எல்லாப் புகையிலைப் பொருளும் ஒரே மங்கிய நிறத்தில்தான் விற்கப்படுகிறது. வண்ணமும் இல்லை, சின்னமும் இல்லை. மேற்புறத்தின் பெரும்பகுதியை நோயுற்ற உடலின் படம் பிடித்திருக்கிறது. தாத்தாவின் கடைசி நாள்களைப் பார்த்த எனக்கு அந்தப் படம் புதிதல்ல.

அன்று மாலை படையல் தயார். அத்தையின் அடுப்பங்கரையிலிருந்து நீண்ட மூக்குள்ள எரிவாயு லைட்டரை எடுத்து வந்தேன். சுருட்டின் நுனியில் நெருப்பை நேரே வைத்தேன். ஒரு பக்கம் கரியாயிற்று, மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. மேலிலை வெடித்தது. கையை எடுத்ததும் அணைந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை போனபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என்ன பிளாஸ்டிக்கா, உருக்கறதுக்கு? நெருப்புக் குச்சி எடு."

அதன் பிறகு நடந்தது ஒரு வகுப்பு. பல்கலைக்கழகத்தில் எந்த விரிவுரையாளரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்திக் கேட்டதில்லை.

முதலில், குச்சியை உரசியதும் சுருட்டிடம் கொண்டுபோகக் கூடாது. குச்சியின் தலை எரிந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தலையில் கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கின்றன. அந்த நெடி இலையில் ஏறினால் கடைசிவரை போகாது. பாட்டிக்கு வேதியியல் தெரியாது, ஆனால் மூக்கு இருக்கிறது. அடுத்து, ஒரு குச்சி போதாது, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால்தான் சுடர் அகலமாக இருக்கும். சுருட்டைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, சுடருக்கு ஒரு விரலளவு மேலே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். சுடர் இலையைத் தொடக் கூடாது, சூடு மட்டும் தொட வேண்டும். விளிம்பு முழுக்கக் கறுத்து, அதன் மேல் சாம்பல் வெண்மை படரும். அப்போதுதான் நெருப்பை நெருக்க வேண்டும்.

"இப்போ இழுக்கணும் இல்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"இழுத்தா எச்சில். எச்சிலையா தாத்தாவுக்கு வைப்பே?"

வாயால் ஊதவும் கூடாதாம். விசிறியால் மெல்ல வீசச் சொன்னார். நுனி வட்டமாகக் கனிந்தது. ஒரு பக்கம் மட்டும் பின்தங்கியபோது அந்த இடத்துக்கு மட்டும் குச்சியைக் காட்டினார். பிறகு படுக்க வைக்காமல், நுனியில் காற்றுப் படும்படி கோப்பிக் குவளையின் விளிம்பில் சாய்த்து வைத்தார். புகை ஒரு நூலாக எழுந்தது.

இந்த வித்தை பாட்டியோடு நின்றுவிடுவதில்லை. கியூபாச் சுருட்டைப் போற்றுகிற செல்வந்தர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: முதலில் வாட்டு, பிறகு பற்றவை. பெட்டிக்குள் வரும் சீடார் மரச் சீவலைக் கொளுத்தி, அந்தச் சுடரில் சுருட்டை வாட்டுவோர் உண்டு. பெட்ரோல் லைட்டரை ஒதுக்குவார்கள், அதன் வாடை இலையில் ஏறும் என்பதால். மெழுகுவத்தியும் அப்படியே. வாடையில்லாத பியூட்டேன் லைட்டர் அவர்களுக்கு ஏற்புடையது. சீறிப் பாயும் சுடருள்ள லைட்டர் காற்றில் அணையாது, ஆனால் பொறுமையில்லாத கையில் இலையைத் தீய்த்துவிடும். நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

நம் ஊர்களிலும் இதற்கென்று கருவிகள் இருந்தன. தமிழகத்துப் பெட்டிக்கடைகளில் நுனி கனன்றுகொண்டிருக்கும் ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்கும். வருகிறவர் அதில் பீடியையோ சுருட்டையோ பற்றவைத்துக்கொண்டு போவார். வீட்டில் அடுப்புக் கங்கை இடுக்கியால் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கும் முன்னால் சக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. கோவில்களில் முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டு படைக்கும்போது சூடத்தின் சுடரில் காட்டுவதும் உண்டு. சூடம் கரும்புகை விடும், சுருட்டின் மணத்தைக் கெடுக்கும். அதற்கும் பாட்டியிடம் ஒரு விதி இருந்தது: "சாமிக்குச் சூடம். மனுஷனுக்குக் குச்சி."

ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு'தான். இரு முனையும் திறந்திருப்பதால் அதை வெட்டக் கத்தி தேவையில்லை. திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டு எவ்வளவு புகழ்பெற்றிருந்தது தெரியுமா? 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே அவர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார்!

இதெல்லாம் பெருமை. ஆனால் படையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் ஒரு கேள்வி கேட்டார். அவர் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறார். "தாத்தாவைக் கொன்னதையே அவர் படத்துக்கு முன்னால வைக்கிறோமே, இது சரியா?"

யாரும் பதில் சொல்லவில்லை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் கேடில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். அது தவறு. நிக்கொட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என்று எல்லா இடத்திலும் சுருட்டு புற்றுநோயை உண்டாக்கும். அத்தான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அடுத்த ஆண்டு சுருட்டை நிறுத்திவிடலாம், அல்லது பற்றவைக்காமல் சும்மா வைக்கலாம் என்றார். பக்கத்து வீடுகளுக்குப் புகை போகும் என்று அத்தையும் கவலைப்பட்டார். வீவக அடுக்குமாடியில் அந்தக் கவலையும் நியாயமானதே.

நான் பல நாள் யோசித்தேன். என் கருத்து இது: நிறுத்த வேண்டாம். பற்றவைக்காமலும் வைக்க வேண்டாம்.

ஆறிப்போன கோப்பியை விருந்தாளிக்கு வைப்போமா? படையல் என்பது, இறந்தவர் எப்படி இருந்தாரோ அப்படியே அவரை நினைப்பது. தாத்தாவின் குறையை நீக்கிவிட்டு மீதியை மட்டும் கும்பிட்டால், அது நாமே செய்துகொண்ட வேறொரு தாத்தா. அவர் சுருட்டுக் குடித்தார். அதனால்தான் இறந்தார். இரண்டும் உண்மை. அந்தச் சுருட்டு எரியும் சில நிமிடங்களில் என் தம்பி தங்கைகள் இரண்டையும் கேட்கட்டும். சுருட்டைக் குவளையில் சாய்த்து, அந்தப் பெட்டியின் படத்தைப் பக்கத்திலேயே வைத்துச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒன்று, சன்னலோரமாக, அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. சீனர்களும் சில தெய்வங்களுக்குச் சிகரெட் பற்றவைத்து வைப்பார்கள். அவர்களுக்கு நாம் நீண்ட விளக்கம் தர வேண்டியிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் என் ஆசிரியை, எந்த வினைச்சொல் எதற்கு வரும் என்று ஒரு பட்டியல் எழுதிப் போட்டார். விளக்கை ஏற்று, அடுப்பை மூட்டு, பட்டாசைக் கொளுத்து, சுருட்டைப் பற்றவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். ஏன் வேறு வேறு சொல் என்று அன்று புரியவில்லை. விளக்கில் சுடர் மேலே நிற்க வேண்டும், அதனால் ஏற்றுகிறோம். சுருட்டில் சுடரே நிற்கக் கூடாது. நெருப்பு இலையைப் பற்றிக்கொண்டு உள்ளேயே கனிய வேண்டும், அதனால் பற்றவைக்கிறோம். பாட்டி குச்சியைப் பிடித்திருந்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். ஆனால் கையில் வேலை இருக்கும் இடத்தில்தான் சொல்லும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையால் செய்யும் ஒரு காரியத்தை, அவர்கள் இருக்கும்போதே ஒருமுறை கேட்டுச் செய்து பாருங்கள்.

அன்று சுமார் பத்து நிமிடத்தில் சுருட்டு தானாக அணைந்தது. பற்றவைத்தது சரியில்லையோ என்று நான் மறுபடி குச்சியை எடுத்தேன். பாட்டி தடுத்துவிட்டார்.

"விடும்மா. வாய் வச்சு இழுக்க ஆள் இல்லேன்னா அது தானா அணைஞ்சிடும்."

அத்தானின் கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டும் நான்தான் பற்றவைப்பேன். அத்தான் விசிறிப் பிடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.